ஓப்பன் காரும் எஸ்.எஸ்.எல்.சி. செட்டும்: வடசென்னைப் பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் படிப்பை முடித்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகு பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் வழக்கம் வடசென்னையிலும் பெருகிவிட்டது. அந்தக் கூடலுக்கு ஓப்பன் கார் ஒன்றை வரவழைத்து, வயதான ஆசிரியரை அதில் அமர்த்தி அழைத்துவர வேண்டும் என்ற யோசனையை யாராவது ஒருவர் முன்வைக்காமல் இருப்பதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் படித்தவன், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைப் பராமரித்து வருபவன் என்ற இரண்டு காரணங்களால் இதைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வருகின்றன. அவற்றுள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

நம் பள்ளிக் காலத்தில் வடசென்னையில் ஓப்பன் கார் யாரிடம் இருந்தது? யாரிடமும் இல்லாத ஒன்றின் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் நம் தெருக்காரர்கள் அல்லர். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பின்னி ஆலையிலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, அப்பாவின் சைக்கிளே குடும்ப வாகனமாக இருந்தது. ஓப்பன் கார் நம் தெருவுக்குள் நுழைந்தது மாப்பிள்ளை அழைப்புக்காகத்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் ஜானவாசம் என்று புறப்படும் ஊர்வலத்தில், தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்தவர்கள் இருபுறமும் நடக்க, நாகஸ்வரமோ பேண்டு வாத்தியமோ முன்னால் செல்ல, பூக்கடையிலிருந்து வாங்கி வந்த சரங்களால் மூடப்பட்ட கார் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வரும். மண்ணடிப் பக்கம் நிக்காஹ் ஊர்வலத்துக்கும், ராயபுரம், காசிமேடு பகுதிகளில் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பும் மணமக்களுக்கும் அதே வகைக் கார்தான் வந்தது. மாப்பிள்ளையின் இருபுறமும் உறவுக்காரச் சிறுவர்களை ஏற்றி உட்கார வைப்பது வழக்கம் என்பதால், அந்த இடம் யாருக்கு என்பதில் கல்யாண வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடியும். இடம் கிடைக்காதவர்கள் மட்கார்டைத் தொட்டபடியே ஊர்வலம் முடியும் இடம் வரை நடந்தார்கள்.

ஆகவே நம்முடைய ஏக்கம், தெருவோரத்தில் நின்று பார்த்தவனின் ஏக்கம். இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. ஆனால், ஓட்டிய நினைவையும் பார்த்த நினைவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இருக்கிற காரை வெட்டியாவது ‘பழைய நாளைத் திரும்பக் கொண்டுவர’ முனைபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம் உண்டாகிறது. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வருத்தத்திலிருந்தே பிறந்தவை.

அமெரிக்காவில் குடியேறிய எங்கள் வகுப்புத் தோழர், அங்கே ஓப்பன் கார் என்றாலே உயர்நிலைப் பள்ளி நினைவுதான் என்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே கார் ஓட்டும் உரிமம் கிடைத்துவிடும் என்பதால், பள்ளியில் படிக்கும்போதே பகுதிநேர வேலை செய்து பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டவர்கள் ஏராளம். 1964 ஏப்ரலில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங், தொடக்கத்திலிருந்தே மூடிய வடிவிலும் திறந்த வடிவிலும் கிடைத்தது; இளைஞர்களைக் குறிவைத்தே அதன் விலையும் தோற்றமும் அமைக்கப்பட்டன. பின்னர், ஏர்கண்டிஷனர் பரவியதாலும், கார் கவிழ்ந்தால் கூரை தாங்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதிகள் வரப்போகின்றன என்ற அச்சத்தாலும், அந்நாட்டு நிறுவனங்கள் ஓப்பன் கார்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1976ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ, ‘கடைசி அமெரிக்க ஓப்பன் கார்’ என்ற விளம்பரத்துடனேயே விற்கப்பட்டது. 1982இல் கிரைஸ்லர் லெபாரன் வழியாக அந்த வகை மீண்டும் சந்தைக்கு வந்தது.

அங்கே படித்து வளர்ந்தவர் தாம் தொலைத்த சொந்தக் காரை நினைத்து ஏங்குகிறார். இங்கே அதே காலத்தில் மூடிய ஃபியட் காருக்கே முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பள்ளி மாணவனிடம் கார் இருப்பது கற்பனையிலும் நிகழாது. நண்பர் நம்முடன் படித்தவர் என்றால், மஸ்டாங் அவருக்கும் பிற்காலத்தில் இரவலாக வந்த நினைவுதான். இதை அவரிடம் நேரில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் நட்பைப் பொறுத்தது.

அந்த ஊர்வலக் கார்கள் சென்னைக்கு எப்படி வந்தன? பிறகு எங்கே போயின?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டும், அதாவது பாகங்களை இணைத்துக் காராக்கும், ஆலை ஒன்றைத் திறந்தது. ஃபோர்டு நிறுவனமும் அதையடுத்த ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு கார்களைப் பூட்டி விற்றது. விடுதலைக்குப் பின் பம்பாயின் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் தொடர முடியாது என்று 1953இல் அரசு முடிவெடுத்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அதன் பிறகு இந்தியச் சாலைக்குக் கிடைத்தவை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று குடும்பங்களைச் சேர்ந்த கார்கள். அவற்றுள் அன்றாடம் கண்ணில் பட்டவை எல்லாம் கூரை மூடியவை. வெளிநாட்டுத் தூதரகத்தினர் பயன்படுத்திய பெரிய கார்கள், அரசு வர்த்தகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வந்து, திரைப்பட நடிகர்களிடமும் செல்வந்தர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் என்ஜின் கொண்ட இந்தக் கார்கள் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தவை. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, அவற்றை அன்றாடம் ஓட்டுவது வசதி படைத்தவர்களுக்கே கையைக் கடித்தது. ஓர் ஊர்வலத்துக்கு ஓரிரு மைல் மட்டுமே ஓடினால் போதும் என்ற வாடகைத் தொழிலில்தான் அத்தகைய என்ஜினுக்கு இன்னும் இடம் இருந்தது. ஆனால் ஆள் நடக்கும் வேகம் எந்தக் காருக்கும் நல்லதன்று. எதிர்க்காற்று இல்லாமல் ரேடியேட்டர் கொதித்துவிடும். பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்ற காருக்கு யார் வீட்டிலிருந்தோ ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றிய காட்சியை வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கூர்ந்து கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும்: அக்கார்களில் பலவற்றில் ஹூட் எனப்படும் மடக்கும் துணிக்கூரையே இருக்காது, ஏனெனில் அவை மூடிய காராகப் பிறந்து, ஊர்வலத்துக்காகவே பட்டறையில் கூரை வெட்டப்பட்டவை. மழை வந்தால் மாப்பிள்ளைக்குக் குடைதான் கதி. 1980களுக்குப் பிறகு ஜானவாசமே கல்யாண மண்டபத்துக்குள் சுருங்கிவிட, அவற்றில் பெரும்பகுதி பழைய இரும்புக்குப் போனது.

கார் வரலாற்றில் வடசென்னைக்கென்று சொந்தமாக ஏதும் உண்டா?

உண்டு, அதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரி, பேருந்துப் பக்கம் முழுமையாகத் திரும்பியது. அதற்கு முன் எண்ணூர் என்றால் கார் என்றுதான் பொருள். பிரிட்டனில் ஏ40 சாமர்செட் வகைக்குத் திறந்த வடிவமும் இருந்தது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அமைந்தது. இந்த இரண்டு ஆலைகளின் சங்கொலியைக் கேட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள்தாம் நம்மில் பலர். அவற்றில் வேலை கற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் ஓய்வு பெற்ற பின் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் சிறு பட்டறைகள் வைத்ததால், எங்கும் கிடைக்காத ஒரு புஷ்ஷையோ பின்னையோ லேத்தில் கடைந்து தரக்கூடிய கை இன்னும் இப்பகுதியில் இருக்கிறது.

சோழவரம் பந்தயங்களை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

கல்யாண ஊர்வலத்தில் ஊர்ந்த காரைப் பார்த்த அதே பையன், கார் பறப்பதைப் பார்த்த இடம் சோழவரம் என்பதால்தான். செங்குன்றத்தைத் தாண்டி இருந்த அந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்படும் வரை, தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயம் என்றால் அந்தத் தளம்தான். வடசென்னையிலிருந்து அது கூப்பிடு தூரம். சைக்கிளில் இரண்டு பேராகப் போவோம், பாதி வழியில் மிதிப்பவர் மாறிக்கொள்வோம்.

அங்கே ஓடியவற்றுள் கூரையில்லாப் பந்தயக் கார்கள் உண்டு. அன்றாடம் தெருவில் பார்க்கும் ஹெரால்டும் ஃபியட்டும் எடை குறைத்து, சைலன்சர் மாற்றி வந்து நின்றதும் உண்டு. எங்களை மயக்கியவை இந்த இரண்டாம் வகைக் கார்களே. டாக்டர் வீட்டு வாசலில் சாதுவாக நிற்கும் கார், வைக்கோல் கட்டுகளின் ஓரமாகப் பின்சக்கரம் வழுக்கியபடி திரும்புவதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருப்பது கடினமாகத்தான் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் கார் படங்களால் நிறைந்தன.

ஹெரால்டு காரையே நீங்கள் எப்போதும் பரிந்துரைப்பது ஏன்? சொந்தக் கார் என்ற பாசமா?

பாசமும் உண்டு, காரணமும் உண்டு. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பெருங்களத்தூர்ப் பக்கத்து ஆலையில் தயாரித்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கேலொட்டி. தொடக்கத்தில் பொருத்தப்பட்ட என்ஜின் 948 சி.சி. அக்காலத்து மற்ற கார்கள் தனிச் சேஸியை (அடிச்சட்டத்தை) கைவிட்டுக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேஸியின் மேல் உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு இணைத்துக் கட்டப்பட்டது. இதனால் அதன் கூரை தனியே கழற்றக் கூடிய உறுப்பு. பிரிட்டனில் 1960இலேயே இதன் ஓப்பன் வடிவம் வெளிவந்ததற்கும், நம் ஊர்ப் பட்டறைகளில் கூரையைக் கழற்றிவிட்டுக் கித்தான் ஹூட் மாட்டப்பட்டதற்கும் இந்த அமைப்பே வழிவிட்டது.

வேறு நன்மைகளும் உள்ளன. பானெட்டும் இரு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும் என்பதால், முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே என்ஜின் வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் ஏறத்தாழ 25 அடி மட்டுமே. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஓட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பின்சக்கர அச்சு ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால், பின்சக்கரம் உட்பக்கமாக மடங்கிக் கார் தடுமாறும். தொடக்ககால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் என்பதால், முன்னால் போகும் வண்டிக்கு இன்றைய காரைவிட இரண்டு பங்கு இடைவெளி விட வேண்டும்.

என்னுடைய ஹெரால்டின் கூரையை நான் கழற்றவில்லை. நான் பார்த்து வளர்ந்த ஹெரால்டுகளுக்குக் கூரை இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

வீட்டில் அப்பா வாங்கிய பத்மினி கார் நிற்கிறது. கூரையை வெட்டி ஓப்பன் காராக்கலாமா?

வேண்டாம். அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஃபியட் 1100, அதன் வழிவந்த பத்மினி, அம்பாசிடர் ஆகியவற்றுக்குத் தனிச் சேஸி கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்த முழுக்கூடே எடையைத் தாங்குகிறது. மூடியோடு ஒட்டிய ஷூ அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை வெட்டி எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். கூரை போன கார் நடுவில் தொய்யும். கதவுகள் ஒருநாள் திறக்க மறுக்கும், இன்னொரு நாள் வேகத்தடையில் ஏறும்போது தாமாகத் திறந்துகொள்ளும். முன் கண்ணாடியில் மூலையிலிருந்து விரிசல் ஓடும். ஆலையிலேயே ஓப்பன் காராகத் தயாரிக்கும்போது, இழந்த வலுவை ஈடுசெய்யக் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியிலும் தரையிலும் கனமான தகடுகளைச் சேர்க்கிறார்கள். ஓப்பன் கார் பல நேரங்களில் மூடிய காரைவிட எடை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு குழாய்களை வெல்டிங் வைத்துவிட்டு ‘ஸ்ட்ராங் பண்ணிட்டோம் சார்’ என்று சொல்லும் பட்டறையை நம்பிப் பின்சீட்டில் பேரப்பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் மூடிய கார் என்று இருக்க, சாலையில் திறந்த கார் ஓடினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். ஹெரால்டின் கூரையைக் கழற்றுவது சேஸியைப் பாதிக்காது என்றாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் மாற்றமே. குறைந்தபட்சம் அங்கே கூரையைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிவிடலாம். வெட்டிய கூரையைத் திரும்ப வைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. உங்கள் அப்பா அந்தப் பத்மினிக்காகக் காத்திருந்து வாங்கினார். அதன் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் நீங்கள் அரசு பொதுத்தேர்வு எழுதும் மையத்துக்குப் போனீர்கள். உண்மையில் இருந்த அந்த நினைவை வெட்டியெறிந்துவிட்டு, இல்லாத ஒன்றை அந்த இடத்தில் ஒட்டவைக்க ஏன் செலவு செய்ய வேண்டும்?

‘வி.ஏ.’ என்று எண் பலகையில் போடும் வின்டேஜ் பதிவு எப்படிப் பெறுவது?

2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் வின்டேஜ் எனக் கருதப்படும். சேஸி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். இவ்வாறு பதிவு செய்த காரைக் கண்காட்சி, வின்டேஜ் பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காகவே சாலையில் எடுக்கலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் விடக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்வரலாம், வி.ஏ. பலகை வந்துவிட்டால் அதற்கு வழியில்லை. என் காருக்கு நான் வி.ஏ. எண் வாங்காததற்குக் காரணம் இதுவே.

கடற்கரைப் பகுதியில் கித்தான் கூரைக் காரை வைத்திருக்க முடியுமா?

முடியும், ஆனால் வேலை இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு கலந்து வருகிறது. அதோடு தூசியும் சேர்ந்து தகட்டின் மூட்டுகளில் படிந்தால், மழை பெய்ததும் அது உப்புச் சேறாக மாறிவிடும். துரு வெளியில் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். கதவின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஆண்டுக்கு இருமுறையாவது ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எந்தப் பழைய காரையும் வாங்காதீர்கள். புதிதாகப் பூசிய கறுப்புத் தார்ப் பூச்சு தெரிந்தால், அதன் கீழே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பாருங்கள். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கும் வேலையில், காசிமேட்டில் விசைப்படகு பழுதுபார்ப்பவர்களுக்கு இருக்கும் பொறுமை எல்லா டிங்கர் பட்டறைகளிலும் கிடைப்பதில்லை.

ஹூட்டை ஈரத்தோடு மடக்கக் கூடாது. பூஞ்சை பிடித்து, மடிப்பு வரியிலேயே கித்தான் இற்றுவிடும். உலர்ந்திருந்தாலும் மாதக்கணக்கில் மடக்கியே வைக்காதீர்கள். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் மஞ்சளாவது இயற்கை. அதை மட்டும் தனியே மாற்றித் தைக்கலாம். பாரிமுனைப் பக்கம் கித்தானும் தார்ப்பாயும் விற்கும் கடைகளில் துணி வாங்கி, அனுபவமுள்ள குஷன் கடைக்காரரிடம் கொடுத்தால் ஹூட் முழுவதையும் தைத்துத் தருவார். பழைய ஹூட்டை எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாமல் அளவுக்காகக் கொண்டுபோக வேண்டும். வண்டியை மூடக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைவிடப் பருத்தித் துணியே மேல்.

வெள்ளத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீரில் நின்ற காரைச் செல்ஃப் அடித்துப் பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றி, ஆயில் முழுவதையும் மாற்றிய பிறகே என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபரிலேயே காரை மேடான இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இப்போதைய பெட்ரோல் பழைய என்ஜினுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இரண்டு மாற்றங்களை அறிந்திருக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் பழைய என்ஜினில் வால்வு வந்து பதியும் சீட்டுகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. என்ஜினைப் பிரிக்க நேரும்போது கடினமான உலோகத்தாலான சீட்டுகளைப் பொருத்திவிட்டால் இந்தக் கவலை தீரும். அடுத்தது, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கிவிடும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும், என்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையையும் மெலிதாக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றி, கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடும்படி கார்பரேட்டரைச் சரிசெய்து, மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

உதிரி பாகங்கள்?

புதுப்பேட்டையில் பொறுமையாக அலைந்தால் சில கிடைக்கும். கையில் பழைய பாகத்தோடு போக வேண்டும். ஹெரால்டுக்குரியவை பிரிட்டனில் இன்னும் புதிதாகவே தயாராகின்றன, சுங்கவரிக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வரவழைக்கலாம்.

என்ஜினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் பொருத்தினால் இந்தத் தொல்லைகள் இல்லையே?

இல்லைதான். காரும் இல்லை.

எங்கள் செட்டுக்கு எந்தக் கார் பொருத்தம்?

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11ஆம் வகுப்பு. அதை முடித்தவர்கள் பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள். பின் வந்தவர்கள் 10ஆம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு அதே பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ பிளஸ் டூ படித்தார்கள். இந்தக் கோட்டின் இருபுறமும் உள்ளவர்களுக்குப் பள்ளியின் கடைசி நாள் நினைவே வேறுவேறு. பழைய செட்டுக்காரர்கள் 16 வயதில் ஆட்டோகிராப் நோட்டில் கையெழுத்து வாங்கி, சட்டையில் இங்க் அடித்துக்கொண்டு, ஒரேயடியாகப் பிரிந்து போனவர்கள். பிளஸ் டூ செட்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டாண்டு அவகாசம் கிடைத்தது.

காரிலும் ஏறத்தாழ அங்கேயே ஒரு கோடு விழுகிறது. 1961இல் வந்த ஹெரால்டின் இடத்துக்கு 1972இல் அதன் வாரிசாக கெஸல் வந்து, 1977 வரை ஓடியது. ஃபியட் 1974இல் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. எனவே, 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. செட் என்றால் ஹெரால்டு அல்லது பழைய ஃபியட் 1100. பிளஸ் டூ செட் என்றால் பத்மினி. மூடிய கார்களைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். குழுப்படத்தில் பின்னணியாக நிற்கப்போவது உங்கள் தெருவில் உண்மையாகவே நின்ற காராக இருந்தால், படத்தைப் பார்ப்பவர்களுக்கு எத்தனையோ கதை நினைவுக்கு வரும். ஊர்வலக் கார்தான் வேண்டுமென்றால் அதுவும் நியாயமே. அதை ஊர்வலக் காராகவே வையுங்கள், நாம் ஓட்டிய கார் என்று பேரப்பிள்ளைகளிடம் கதை விடாதீர்கள்.

ஆசிரியரை ஓப்பன் காரில் அழைத்துவர என்னென்ன ஏற்பாடு தேவை?

ஆசிரியருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். இரண்டு கதவுக் காரின் பின்சீட்டுக்குள் அவரை ஏற்றுவது கொடுமை, முன்சீட்டிலேயே அமர்த்துங்கள். மாப்பிள்ளை ஊர்வலப் பழக்கத்தில் பின்சீட்டின் முதுகுச் சாய்வின் மேல் உட்கார வைக்க யாரேனும் முனைந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். இக்கார்களில் சீட் பெல்ட் கிடையாது, பிரேக் அடித்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெயிலுக்கு முன், காலை ஏழு மணிக்குள், ஞாயிற்றுக்கிழமையில் கிளம்புவது நல்லது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டால், திறந்த காரில் இருப்பவர் புகை முழுவதையும் குடிக்க வேண்டியிருக்கும். உள்தெருக்கள் வழியாகவே வாருங்கள். நடக்கும் வேகத்தில் கூட்டமாக வர வேண்டாம். பள்ளி வாசலுக்கு முந்தின திருப்பம் வரை சாதாரண வேகத்தில் வந்து, அங்கிருந்து மட்டும் மெதுவாக வந்தால் ரேடியேட்டரும் தாங்கும், ஆசிரியரும் தாங்குவார். காரை வாடகைக்கு எடுப்பதானால், ஆர்.சி., காப்பீடு இரண்டின் நகலையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

வாங்கவும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். பழைய கார்களைப் பார்த்தால் மட்டும் போதும். எங்கே போவது?

வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023இல் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்தில், படப்பிடிப்புக் கருவிகளோடு பழைய கார்களும் காட்சிக்கு உள்ளன. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் தொழில்நுட்ப வகையில் இதைவிட விரிவானது. ஒவ்வொரு காரும் எந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்ற விளக்கத்துடன் வைத்திருக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிகளில், உரிமையாளர்கள் காரின் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள் என்பதால், செட்டாகச் சேர்ந்து போக அதுவே ஏற்றது. காரைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மட்கார்டில் கை வைக்கும் பழைய பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை.